மூலையில் இரண்டு குழிகள்

கல் லாரியில் வந்துவிட்டது. அதை எங்கே இறக்குவது என்றுதான் யாருக்கும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டு மணி இருக்கும். லிங்கி சாலையை ஒட்டி நகராண்மைக் கழகம் நடத்தும் மயானம் அது. கல் செய்கிறவரின் ஆட்கள் இருவர் லாரியின் பின்பலகையை இறக்கிவிட்டுக் கயிற்றோடு நின்றார்கள். கறுப்புக் கல்லில் என் தம்பி தேவனின் பெயர், பிறந்த தேதி, இறந்த தேதி. கீழே ஒரு ரோஜாப்பூ. பூ வேண்டாம் என்று நான் சொல்லியிருந்தேன். எல்லாருக்கும் போடுவது என்று இவனுக்கும் போட்டிருந்தார்கள்.

"எந்தக் குழி அண்ணே?" என்றார் இருவரில் மூத்தவர்.

எனக்கு முன்னால் இரண்டு மண்மேடுகள். மயானத்தின் கடைசி மூலையில், சாலைக்கும் கால்வாய்க்கும் நடுவே, இரண்டே குழிக்கு இடமுள்ள வரிசை. எட்டு மாத மழையில் இரண்டும் ஒரே அளவுக்கு அமிழ்ந்து, ஒரே உயரத்துக்கு லாலான் புல் மண்டிக் கிடந்தன. மற்ற எல்லாக் குழிகளின் தலைமாட்டிலும் சிவப்பு முனை தீட்டிய மரக்கட்டை ஒன்று அடித்திருந்தது, அதில் எண். இந்த இரண்டுக்கு மட்டும் கட்டை இல்லை.

என் கையில் இருந்த அனுமதிக் கடிதத்தில் 'எல் வரிசை, ஒன்று' என்று இருந்தது. எது ஒன்று, எது இரண்டு?

தேவன் எங்கள் வீட்டில் கடைசிப் பிள்ளை. நாற்பத்தொரு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. லிங்கிப் பக்கத் தோட்டத்தில் எங்கள் அக்கா ராக்கம்மா வீட்டில் இருந்தான். வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் திரும்பும்போது சந்திப்பில் ஒரு லாரி மோதியது. அப்பாவும் அம்மாவும் தோட்டத்துச் சுடுகாட்டிலேயே கிடக்கிறார்கள். அங்கே தலைமாட்டில் ஒரு குரோட்டன் செடியை நட்டால் போதும். எண் கிடையாது, கடிதம் கிடையாது. தோட்டம் கைமாறியதும் அந்த இடத்துக்கு வேலி போட்டுவிட்டார்கள். எங்கள் குடும்பத்தில் எண் போட்ட குழிக்குப் போன முதல் ஆள் தேவன்தான்.

மண் நன்றாக இறங்கும்வரை கல் வைக்கக் கூடாது என்பது கழகத்தின் விதி. அதற்காக எட்டு மாதம் காத்திருந்தோம். நான் ரஹாங்கில் இருக்கிறேன். அடக்கத்துக்குப் பிறகு அன்றுதான் வருகிறேன். மூன்றாம் நாள் பால் தெளிக்க அக்கா வந்தாள். பதினாறாம் நாள் விடியற்காலையிலும் அவள்தான் வந்து கும்பிட்டுவிட்டுப் போனாள்.

"அக்கா, எது?" என்று கேட்டேன்.

அவள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு கால்வாயைப் பார்த்தாள். துக்கம் என்று நினைத்தேன்.

அப்போது புல்வெட்டும் மிஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு வீரமுத்து வந்தார். அந்த மயானத்தில் குழி வெட்டுவதும் புல் வெட்டுவதும் கழகம் அவருக்குக் கொடுத்திருந்த குத்தகை. ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ்.

"எல் ஒண்ணு தானே அண்ணே? தேவன். மோட்டார் ஆக்சிடெண்ட்," என்றார். "இந்தா, கால்வா ஓரத்துல இருக்கறது."

அக்கா மகன் ஷங்கர் உடனே கேட்டான். அவன் சிரம்பானில் வேலை செய்கிறவன். எதையும் சும்மா விட மாட்டான்.

"எல்லா வரிசையும் ரோட்டுப் பக்கத்துலேர்ந்துதானே தொடங்குது? ஏ ஒண்ணு அங்க, பி ஒண்ணும் அங்க. எல் மட்டும் எப்படி லா தலைகீழா?"

"அன்னிக்கு ரோட்டுப் பக்கம் மரம் விழுந்து கெடந்துச்சு தம்பி. வெட்ட முடியல. அதான் அந்தப் பக்கம் மொதல்ல வெட்டினேன். நம்பர் எடத்துக்கு இல்ல, வர்ற ஆளுக்கு. மொத வந்தவரு ஒண்ணு. பதினோரு நாள் கழிச்சு ஒரு அம்மா வந்தாங்க, தெமியாங்காரங்க, செல்லம்மான்னு. அவங்க ரெண்டு."

விழுந்த மரமா? எனக்கு நினைவில்லை. அடக்கத்தன்று செருப்பில் ஒட்டிய மண் மட்டும்தான் எனக்கு நினைவில் இருக்கிறது.

"சரி, கட்டை எங்க?" என்றான் ஷங்கர்.

"ரெண்டு தடவ அடிச்சேன். யாரோ புடுங்கிட்டாங்க. புதுக் கட்டை கேட்டிருக்கேன், இன்னும் வரல."

"முந்நூறு குழி இருக்கு இங்க. இந்த ரெண்டு கட்டையத்தான் தேடி வந்து புடுங்குவாங்களா? ஆடு தின்னுச்சுன்னு சொல்லுங்க, அதையும் கேட்டுக்கறோம்."

லாரிக்காரர்கள் சிரித்தார்கள். வீரமுத்து சிரிக்கவில்லை.

"ஆடு கட்டை திங்காது தம்பி. நான் வேற அடையாளம் வச்சிருக்கேன். ரெண்டு நிமிசம், தோண்டிக் காட்டறேன்." கொட்டகைச் சுவரில் சாய்த்திருந்த மண்வெட்டியை எடுத்துவந்தார்.

அக்கா பாய்ந்து குறுக்கே நின்றாள். "வேணாம். யாரும் மண்ணத் தொடக் கூடாது."

அன்று அவள் பேசியது அது ஒன்றுதான். எனக்கு அவள்மேல் எந்தச் சந்தேகமும் வரவில்லை. அவர்மேல்தான் வந்தது. கேட்டதும் தோண்ட ஓடுகிறாரே, எதைக் கலைக்கப் பார்க்கிறார்?

கல் மறுபடியும் ரஹாங்குக் கல் பட்டறைக்கே திரும்பியது.

சந்தேகம் ஒன்று நுழைந்துவிட்டால் பார்த்ததெல்லாம் சாட்சியாகிவிடும். வீரமுத்து கண்ணைப் பார்த்துப் பேசவில்லை என்றான் ஷங்கர். ஆமாம், பேசவில்லை என்றேன் நான். கொட்டகைக்குப் பின்னால் பழைய கற்கள் அடுக்கியிருந்ததைப் பார்த்தீர்களா மாமா என்றான். பார்த்தேன். அவை உடைந்த கல்லறைகளின் கற்கள். எந்த மயானத்திலும் இருப்பவை. அன்று எனக்கு அவை வேறு மாதிரித் தெரிந்தன. தோட்டத்துக்காரர்கள் போனில் ஆளுக்கொன்று சொன்னார்கள். ஒரே குழியில் இரண்டு பேரைப் போடுகிறார்களாம். வசதியானவர்கள் காசு கொடுத்தால் அவர்கள் குழியை மேட்டுப் பக்கத்துக்கு மாற்றிவிடுகிறார்களாம். யார் பார்த்தது என்று கேட்டால், "எல்லாரும் சொல்றாங்க லா" என்பதுதான் பதில்.

இரண்டு மேடுகளையும், மண்வெட்டியோடு நிற்கும் வீரமுத்துவையும் ஷங்கர் போனில் வீடியோ எடுத்திருந்தான். 'செத்த பிறகும் நிம்மதி இல்லை, உங்கள் வீட்டுக் குழி பத்திரமா?' என்று மேலே எழுதி வாட்சாப்பில் விட்டான். இரண்டே நாளில், எங்களுக்கே தெரியாத ஆட்களிடமிருந்து அது எங்களுக்கே திரும்பி வந்தது.

நான் செய்தது அதைவிடக் கெட்ட காரியம். பள்ளிக்கூட அலுவலகத்தில் முப்பது வருஷம் கிராணியாக எழுத்து வேலை பார்த்தவன் நான். பிறப்புப் பத்திரம் முதல் பென்ஷன்வரை, தோட்டத்து ஆட்களுக்கு மலாயில் எழுதிக் கொடுத்தவன். நல்ல மலாயில், ஒரு பிழை இல்லாமல், வீரமுத்துமேல் கழகத்துக்குப் புகார் எழுதினேன். 'கடமையில் நேர்மை இல்லாதவர்' என்று ஒரு வரி. அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்துத் திருப்திப்பட்டேன் என்பதையும் மறைக்கக் கூடாது.

வீரமுத்து சொன்ன பதிலையே ஒரு வாத்தியாரோ, கழகத்து அலுவலரோ சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். சொன்னவர் குழி வெட்டுகிறவர். அடக்கத்தன்று நாங்கள் வாங்கிவந்த தண்ணீர் பாட்டிலை எல்லாருக்கும் கையில் கொடுத்தோம். அவருக்கு மட்டும் தரையில் வைத்தோம். வைத்தது நான்.

விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று கழகம் அவரிடம் சொல்லிவிட்டது. லிங்கி ஒட்டுக்கடையில் அவர் டீ குடிக்க உட்கார்ந்தால் பக்கத்து மேசைக்காரர்கள் எழுந்து போனதும், அவர் டீயைப் பிளாஸ்டிக் பையில் பொட்டலம் கட்டி வாங்கிக்கொண்டு போகத் தொடங்கியதும் எனக்குப் பிற்பாடுதான் தெரியும்.

இரண்டு வாரம் கழித்து ஒரு புதன்கிழமை, கழகத்திலிருந்து நோர்ஹயாத்தி என்ற பெண் அதிகாரி வந்தார். நாங்கள் மூவர். எதிரே வீரமுத்து, இஸ்திரி போட்ட சட்டையில். கல்யாணத்துக்கு வந்தவர் போல இருந்தது.

அதிகாரி நிதானமானவர். முதலில் அவரைப் பேசச் சொன்னார். வீரமுத்து கால்வாய்ப் பக்கத்து மேட்டின் கால்மாட்டில் குந்தினார். மண்வெட்டியை எடுக்கவில்லை. கையாலேயே புல்லை விலக்கி, ஒரு சாண் ஆழத்துக்கு மண்ணைப் பறித்தார். ஒரு அரைச் செங்கல் வந்தது. அதை மெல்லத் துடைத்து நீட்டினார். ஆணியால் கீறிய எழுத்து: எல் ஒன்று. கீழே தேதி, தேவனைப் புதைத்த தேதி. பக்கத்து மேட்டிலும் அப்படியே பறித்தார். எல் இரண்டு.

"தலைமாட்டுக் கட்டை கௌன்சிலோடது," என்றார் மலாயில். "மழையில மக்கும், மிஷின்ல அடிபடும், பிள்ளைங்க புடுங்கும். அதனால ஒவ்வொரு குழியிலயும் கால்மாட்டுல ஒரு கல்லு நான் போட்டு வைப்பேன். யாரும் சொல்லல. நானா செய்யறது."

"நேத்து வந்துகூட போட்டிருக்கலாம் லா," என்றான் ஷங்கர்.

செங்கல்லின் ஓட்டையில் லாலான் வேர் நுழைந்து மறுபக்கம் வந்திருந்தது. நேற்றுப் போட்ட கல்லில் வேர் அப்படி ஓடாது. நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டுப் பேசாமல் நின்றேன். நான் கையெழுத்திட்ட கடிதம் அதிகாரியின் கோப்பில் இருந்தது.

அதிகாரி என்னைப் பார்த்தார். "உங்களுக்கு இது போதுமா?"

ஷங்கர் எனக்கு முந்திக்கொண்டு போதாது என்றான்.

"அப்படியானால் ஒரே வழிதான். குழியைத் திறந்து பார்க்க மேலிடத்தில் அனுமதி கேட்க வேண்டும். இரண்டையும் திறக்க வேண்டும். அந்தத் தெமியாங் குடும்பத்துக்கும் சொல்ல வேண்டும். நெருங்கிய உறவு யாராவது இதில் கையெழுத்துப் போடுங்கள்."

அச்சடித்த விண்ணப்பப் பாரம் ஒன்றை நீட்டினார். நான் பேனாவை எடுத்தேன். எட்டு மாதம் மண்ணுக்குள் இருந்தவனை நான் எப்படிப் பார்ப்பேன்? பார்க்காமல் அந்தக் கல்லை எங்கே வைப்பேன்?

"என்ன எழுதறே?" என்றாள் அக்கா. மலாய் அவளுக்கு ஓரளவுதான் புரியும்.

"தோண்டிப் பாக்கறதுக்கு, அக்கா."

"யாரை?"

"தம்பிய. அந்த அம்மாவையும்."

அக்கா மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். "அவனத் தோண்டாதீங்க. அந்தக் கட்டைய நான்தான் புடுங்கினேன்."

நான் பேனாவை மூடினேன்.

அவள் சொன்னதை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் தோட்டத்தில் முன்பு ஒரு பெண் தூக்கில் தொங்கினாள். அவள் ஆவி வெளியே வரக் கூடாதென்று பூசாரி அவள் குழியின் தலைமாட்டில் ஒரு முளை அடித்தார். முனையில் குங்குமம் தடவிய மரமுளை. அக்காவுக்கு அப்போது பத்து வயது. முளை அடிபட்ட ஆத்மா எங்கேயும் போக முடியாது, அங்கேயே கட்டுண்டு கிடக்கும் என்று அவளிடம் சொல்லியிருந்தார்கள். தேவனுடையதும் அதுபோல அகாலச் சாவு, லாரியில் அடிபட்டுப் போனவன். மூன்றாம் நாள் பாலோடு வந்தவள், தலைமாட்டில் சிவப்பு முனையோடு ஒரு கட்டையைப் பார்த்தாள். தோட்டத்துச் சுடுகாட்டைத் தவிர வேறு மயானம் தெரியாதவள். யாரோ தம்பியைக் கட்டிவிட்டார்கள் என்று பிடுங்கிக் கால்வாயில் எறிந்தாள்.

"சுத்தியும் எல்லாக் குழியிலயும் கட்டை இருந்துச்சே அம்மா," என்றான் ஷங்கர்.

"அன்னிக்கு எனக்கு எந்தக் குழிடா தெரிஞ்சுது? என் தம்பி குழி மட்டும்தான் தெரிஞ்சுது." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "பதினாறுக்கு வந்தா, பக்கத்துல இன்னொரு மேடு. ரெண்டுலயும் கட்டை. இருட்டு வேற இன்னும் போகல. எது அவனோடதுன்னு தெரியல. ரெண்டையும் புடுங்கிட்டேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே அக்கா," என்றேன்.

"கல்லு வந்த அன்னிக்குத்தான் எல்லாக் கட்டையிலயும் நம்பர் இருக்கறதப் பாத்தேன். நான் புடுங்குனது அதத்தான்னு அப்பதான் புரிஞ்சுது. சொல்லலாம்னு நெனச்சேன். அதுக்குள்ள நீங்க ரெண்டு பேரும் அவரத் திட்ட ஆரம்பிச்சிட்டீங்க. படிச்சவங்க நீங்க. சரியாத்தான் இருக்கும்னு இருந்துட்டேன்."

அதிகாரி என்னிடம் திரும்பினார். "அந்த அம்மா என்ன சொல்கிறார்?"

மொழிபெயர்க்க நான்தான் இருந்தேன். முளை, பூசாரி, கால்வாய், இரண்டு கட்டைகள், எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக மலாயில் சொன்னேன். வேர் ஓடியிருந்ததை நான் பார்த்ததையும், பார்த்துவிட்டு வாய் திறக்காததையும் சேர்த்துச் சொன்னேன். அந்த மொழியில் அவ்வளவு கஷ்டப்பட்டு நான் எப்போதும் பேசியதில்லை.

அதிகாரி பாரத்தைத் திரும்ப வாங்கிக் கோப்பில் வைத்துக்கொண்டார். "கட்டையின் எண்ணைப் பற்றி அடக்கத்தன்றே குடும்பத்தாரிடம் சொல்லச் சொல்கிறேன்," என்றார். வீரமுத்துவை மறுநாளே வேலைக்கு வரச் சொன்னார்.

அக்கா எழுந்து வீரமுத்து முன்னால் போய்க் கைகூப்பினாள். அவர் ஒரு அடி பின்னால் நகர்ந்தார்.

"எங்கிட்ட எதுக்குக்கா? நீங்க புடுங்குனது தம்பி மேல உள்ள பாசத்துல. அன்னிக்கு அந்தக் கொட்டாயிலதான் நான் இருந்தேன். என்ன கட்டை இதுன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்." பிறகு என்னைப் பார்த்தார். "அண்ணே, இங்க நான் பொதைச்ச ஒருத்தரும் தொலைஞ்சது இல்ல. என் பேருதான் தொலைஞ்சு போச்சு. அத எங்க தோண்டி எடுக்கறது?"

அவர் குந்தி, இரண்டு செங்கற்களையும் பழைய இடத்திலேயே வைத்து மண்ணை மூடினார்.

அடுத்த வாரம் கல் வந்தது. கால்வாய் ஓரத்து மேட்டில் அதை நேராக நிறுத்தியவர் அவர்தான். தெமியாங் குடும்பத்தைத் தேடிப் போய் நடந்ததைச் சொன்னோம். அவர்கள் எங்களைத் திட்டினார்கள், நின்று கேட்டுக்கொண்டோம். நான் புகாரைத் திரும்பப் பெற்றுக் கடிதம் கொடுத்தேன். தவறு எங்களுடையது என்று ஷங்கர் இன்னொரு வீடியோ போட்டான். முதல் வீடியோ எத்தனை குழுக்களில் சுற்றியது என்று கணக்கே இல்லை. இரண்டாவதை அவன் நண்பர்கள்கூட யாருக்கும் அனுப்பவில்லை. "போர் அடிக்குது மாமா, யாரு பாப்பாங்க?" என்றான், தலையைத் தொங்கப் போட்டபடி.

அதனால் ஒரு சனிக்கிழமை நானே வீரமுத்துவை அழைத்துக்கொண்டு லிங்கி ஒட்டுக்கடைக்குப் போனேன். அவருக்கு வர விருப்பமில்லை. நான்தான் கையைப் பிடித்து நடுமேசையில் உட்கார வைத்தேன். இரண்டு டீ சொன்னேன். பக்கத்து மேசையில் நான்கு பேர். ஒருவர் நாற்காலியை நகர்த்திக்கொண்டார்.

நான் எழுந்து நின்று எல்லாருக்கும் கேட்கும்படி நடந்ததைச் சொன்னேன். கட்டையைப் பிடுங்கியது என் அக்கா. வீடியோ போட்டது என் அக்கா மகன். புகார் எழுதியது நான். இவர்மேல் ஒரு குற்றமும் இல்லை.

கேட்டுவிட்டு ஒரு பெரியவர் டீயை உறிஞ்சினார். "என்னமோ சொல்றீங்க. நெருப்பில்லாம பொகையுமா?" என்றார்.

வீரமுத்து எழப் பார்த்தார். அவர் தோளை அழுத்தி உட்கார வைத்தேன்.

"பொகையும் ஐயா," என்றேன். "இங்க பொகை போட்டது நான்தான். எழுதத் தெரிஞ்ச கை, கேக்கத் தெரியாத வாய். அது போதும், ஒரு ஆள் பொழப்ப எரிக்க. தெரியாத ஒண்ணப் பாத்தா மொதல்ல கேளுங்க. கேக்காம சந்தேகப்படாதீங்க. சந்தேகப்பட்டாலும் ஊருக்குச் சொல்லாதீங்க. சொன்னது தப்புன்னு தெரிஞ்சா, சொன்ன எடத்துக்கெல்லாம் திரும்பிப் போய் நில்லுங்க. நான் அதுக்குத்தான் வந்திருக்கேன். இன்னும் நாலு கடை பாக்கி இருக்கு."

பெரியவர் மறுபடியும் டீயை உறிஞ்சினார். நம்பினாரா என்றும் தெரியவில்லை. கடைக்காரர் டீயைக் கொண்டுவந்தார். ஒன்று கண்ணாடித் தம்ளரில் இருந்தது. வீரமுத்துவுக்கு வந்ததைப் பழக்கத்தில் பொட்டலமாகக் கட்டியிருந்தார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கடைக்காரர் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய், தம்ளரில் ஊற்றிக் கொண்டுவந்து, வீரமுத்துவின் கையில் கொடுத்தார்.